இருமுறை எண்ணக் கூடாதது

மானியப் படிவத்தின் பதினான்காம் பக்கம்
பங்காளிகள் யார் யார் என்று கேட்கிறது.
ஆறு கட்டங்கள்.
என்னிடம் இருப்பது மூன்று கையெழுத்து,
நூலகத்தின் ஒரு "பார்க்கலாம்",
முகம் பார்த்துப் பேசாத இரண்டு பேர்.

வடக்கு மினசோட்டா. பிப்ரவரி.
சுரங்கம் மூடிய பிறகு ஊரில் மிஞ்சியது
சிவந்த குழிகளில் தேங்கிய நீரும்
கார் பேட்டரிகளைக் கொல்லும் குளிரும்.
அரசு பன்னிரண்டு இளைஞர்களைத் தருமாம்,
பத்து மாதத்துக்கு.
பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தர, விறகு பிளக்க,
தனியாய் இருப்பவர்கள் வாசலில் பனி வார.
சும்மா இல்லை.
ஒவ்வொரு நூறு டாலருக்கும் முப்பதை
நாங்கள் காட்ட வேண்டும்.
பணமாக முடியாவிட்டால் பொருளாக,
பொருளும் இல்லாவிட்டால்
தேவாலயத்து அடித்தளத்தின் சதுர அடியாக.

அப்படித்தான் அளவுநாடாவோடு போனேன்.
பாதிரியார் ஓஸ்ட்பி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.
"கொதிகலன் மூலையையும் சேர்த்துக்கோ,
கதகதப்பே அங்கேதான்."
சேர்த்தேன்.

பள்ளி நிர்வாகம் தன் நகல் இயந்திரத்தின்
செவ்வாய்க்கிழமைகளைத் தந்தது.

பழங்குடிக் கல்லூரியில் லொரெய்ன் பெல்கோர்ட்
ஒப்பந்தத்தை மூன்று முறை படித்துவிட்டு
"சேவை பெறுவோர்" என்ற சொல்லை அடித்தாள்.
"எங்கள் ஆட்கள் பெறுவது மட்டும்தானா?
ஏரியில் காட்டரிசி தட்டும் பருவத்தில்
ஓடத்தில் விழாமல் நிற்க
உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போவது யார்?"
அடித்த இடத்தில் என்ன எழுதுவதென்று
இரண்டு நாள் யோசித்தேன்.
"அண்டை வீட்டார்" என்று எழுதினேன்.
அவள் தலையசைக்கவில்லை. கையெழுத்திட்டாள்.

இனி அந்த இரண்டு பேர்.
உணவு வங்கி வெர்னா கோட்டிலா.
முதியோர் மையம் ரூடி ஸ்டெர்லே.
பதினோரு வருடத்துக்கு முன் ஓர் உறைபெட்டி,
ஆள் உயரம், நாலு கதவு,
மூடப்போன மளிகைக்கடைக்காரர் விட்டுச்சென்றது.
என் பெயருக்குத்தான் கொடுத்தார் என்றாள் அவள்.
பனிமழையில் ஏற்றி வந்தது நான் என்றார் அவர்.
அது அவர் மையத்தில் நிற்கிறது.
அவளுடைய மான்கறி அதற்குள் உறைகிறது.
சாவி ஆளுக்கொன்று.
ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இருவரும் தனித்தனியே அனுப்பிய பட்டியலில்
முதல் வரி அதே உறைபெட்டி.
மதிப்பு அவள் கணக்கில் நாலாயிரத்து இருநூறு,
அவர் கணக்கில் ஐயாயிரம்.

விதி தெளிவாக இருந்தது:
ஒரு பொருளை இருமுறை எண்ணக் கூடாது.

சமரசம் பேச எனக்கு வராது.
நான் கணக்கு எழுதப் பிறந்தவள்.
ஒரே மேசையில் உட்காரவைத்து,
படிவத்தை அவர்கள் பக்கம் திருப்பி,
பென்சிலை நடுவில் வைத்தேன்.
வெகுநேரம் பெட்டியின் உறுமல்தான் பேசியது.
பிறகு ரூடி, சுவரைப் பார்த்து:
"கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள் என்று
யாராவது கேட்டதுண்டா?"
வெர்னா, மேசையைப் பார்த்து:
"மாதம் எவ்வளவு?"
"நாற்பத்தொன்று. கோடையில் கூடும்."
அவள் உதடு அசைந்தது,
பதினோரு வருடத்தைப் பெருக்கியிருப்பாள்.
அது பெட்டியின் விலையைத் தாண்டிவிட்டிருந்தது.

பென்சிலை எடுத்தது அவள்தான்.
பெட்டி: உணவு வங்கி.
அது தின்னும் மின்சாரம்: முதியோர் மையம்.

மன்னிப்பு எதுவும் கேட்கப்படவில்லை.
அதற்குப் படிவத்தில் கட்டமும் இல்லை.

ஐந்து மணிக்குள் போய்ச்சேர வேண்டும்.
நாலு ஐம்பதுக்கு நூலகத்தின் "பார்க்கலாம்"
"சரி" ஆனது.
நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.

பன்னிரண்டு கேட்டோம், ஏழு தந்தார்கள்.
செப்டம்பரில் வந்து இறங்கினார்கள்,
இந்தக் குளிருக்கு லாயக்கில்லாத காலணிகளோடு.
டெக்சாஸ்காரி ஒருத்தி முதல் நாளே
நாலாம் கதவைத் திறந்து,
வெண்புகைக்குள் தலையை நீட்டி,
"இது யாருடையது?" என்று கேட்டாள்.

ரூடியும் வெர்னாவும்
ஒரே நேரத்தில் வாயைத் திறந்து
ஒரே நேரத்தில் மூடிக்கொண்டார்கள்.

காலாண்டு அறிக்கையில்
அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பதென்று
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.